வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைக்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டில் குடியிருப்பவர்களும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். அடைப்பு வந்தபின் எடுப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. வீட்டுக்குள்ள இருந்து அழுக்குத் தண்ணி எப்படித்தான் வெளியே போகுது? முதல்ல அதைச் சொல்லுங்க.

சமையலறைத் தொட்டி, கைகழுவும் பேசின், குளியலறைத் தரை, வாஷிங் மெஷின் இவற்றிலிருந்து 40 முதல் 75 மி.மீ. வரை அகலமுள்ள கிளைக் குழாய்கள் வரும். கழிப்பறைக்கு 100 அல்லது 110 மி.மீ. குழாய். எல்லாம் ஒரு மெயின் லைனில் சேர்ந்து, வெளியே தரையில் மூடி போட்டு வைத்திருக்கும் குழிகளான சேம்பர்கள் வழியாகப் பொதுச் சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ போகும். சாதாரண வீட்டில் இதைத் தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. குழாயின் வாட்டத்தை, அதாவது சரிவை, நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது.

தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு வாய்க்கும் கீழே ட்ராப் என்ற வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் சுமார் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் பூட்டுப் போடுகிறது. கழிப்பறைக்கு அடியில் இப்படி வளைந்த குழாயை வைக்கும் ஏற்பாட்டுக்கு அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி 1775-ல் காப்புரிமை வாங்கினார். இன்றும் அதே தத்துவம்தான். இதோடு மாடிக்கு மேலே திறந்து நிற்கும் வென்ட் பைப் ஒன்றும் உண்டு. தண்ணீர் கீழே ஓடும்போது பின்னால் காற்று நுழைய வழி வேண்டுமே, அதற்காக. ட்ராப், வாட்டம், வென்ட் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. எதையெல்லாம் உள்ளே போடக்கூடாது? ஒரு பட்டியல் குடுங்க.

பட்டியல் போட ஆரம்பித்தால் முடியாது. கழிப்பறைக்குள் போகலாம் என்று சொல்லக்கூடியவை உடல் கழிவு, தண்ணீர், கழிப்பறைக் காகிதம், இவ்வளவுதான். மற்ற எதுவானாலும் குப்பைக்கூடைக்கு. அதிலும் சானிட்டரி நாப்கினும் டயப்பரும் மோசமானவை. ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கவே தயாரிக்கப்பட்டவை அவை. போடும்போது வளைவைத் தாண்டிப் போய்விடும், பிறகு குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பருக்கும்.

பேசினிலும் குளியலறையிலும் முதல் எதிரி தலைமுடி. தனியாக வந்தால் ஓடிவிடும். சோப்புப் பிசுக்கோடு சேர்ந்தால் கயிறாகத் திரிந்துவிடும். தரை ஜாலிக்கு மேலே ஒரு சின்ன வலை வைத்து, குளித்தபின் முடியை எடுத்துப் போடுங்கள். இதைவிட மலிவான தடுப்பு வேறெதுவும் இல்லை.

3. டிஷ்யூ பேப்பரும் பேப்பர்தானே? வெட் வைப்ஸ் பாக்கெட்ல ‘ஃப்ளஷ் பண்ணலாம்’னு கூடப் போட்டிருக்கே?

கழிப்பறைக் காகிதம் தண்ணீர் பட்டதும் நார் நாராகப் பிரிந்துவிடும். முகம் துடைக்கும் டிஷ்யூவிலும் சமையலறைப் பேப்பர் டவலிலும் நனைந்தாலும் கிழியாமல் இருக்கப் பிசின் சேர்க்கிறார்கள். வெட் வைப்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் இழையே இருக்கிறது.

பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்புவதா வேண்டாமா என்று தடுமாற வேண்டாம். இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் கழிப்பறைக் காகிதத்தையும் இன்னொன்றில் வைப்ஸையும் போட்டுக் குலுக்குங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். ஃப்ளஷ் செய்தால் கண்ணுக்கு மறைவது வேறு, கரைவது வேறு.

4. மீந்த எண்ணெயை சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவினா போயிடும்ல?

உங்கள் தொட்டியை விட்டுப் போய்விடும். குழாயை விட்டுப் போகாது. வெந்நீரில் உருகிய கொழுப்பு சில மீட்டர் ஓடுவதற்குள் குளிர்ந்துவிடும். குளிர்ந்த இடத்தில் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து வைக்கும். ஆனால் கீழே போகப் போகத் தண்ணீர் சேர்ந்து சோப்பு நீர்த்துவிட்டால் துளிகள் மறுபடி ஒன்றுசேரும். கையெட்டும் தூரத்தில் வரவேண்டிய அடைப்பு, கையெட்டாத தூரத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

அது வெறும் எண்ணெயாகவும் நிற்பதில்லை. கழிவுநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கெட்டியான, சோப்புக் கட்டி மாதிரியான பொருளாக இறுகுகிறது. அதில் மாவும் காபித்தூளும் முடியும் வந்து ஒட்டும். 2017-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் இப்படி இறுகிய ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். கொழுப்பும் வெட் வைப்ஸும்தான் அதில் பெரும்பங்கு. மூன்றாம் கேள்வியையும் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பாத்திரம் சூடு ஆறியதும் எண்ணெயை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி மூடிக் குப்பையில் சேருங்கள். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். மாவுச்சத்துள்ள மிச்சங்கள் தண்ணீரில் ஊறிப் பசையாகும் என்பதால் அவற்றையும் தொட்டிக்கு வெளியே தட்டிவிடுங்கள்.

5. அப்போ வாரம் ஒருதரம் கொதிக்கிற தண்ணி ஊத்தினா?

பிவிசி குழாயானால் வேண்டாம். சாதாரண பிவிசி சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். 80 டிகிரியை நெருங்கும்போது இளக ஆரம்பிக்கும். இளகிய குழாய் தொய்ந்துபோகும், இணைப்பு விடும். கழிப்பறைப் பீங்கானில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விழலாம். கை பொறுக்கும் சூட்டில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீரைப் பிடித்து, அடைப்பானை ஒரேயடியாகப் பிடுங்கி விடுங்கள். சூட்டைவிட அந்த மொத்த ஓட்டம்தான் குழாயை நன்றாக அலசும்.

6. சோடா உப்பும் வினிகரும் போட்டா பொங்கிப் பொங்கி சுத்தமாகுதே?

பொங்குவது கரியமில வாயு. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசல். லேசான வாடை போகலாம். இறுகிய கொழுப்பையோ முடிக்கற்றையையோ அது ஒன்றும் செய்யாது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதால் பெயர் வாங்கிவிட்டது.

7. கடையில விக்கிற டிரெய்ன் கிளீனர், ஆசிட் இதெல்லாம் ஊத்தலாமா?

இவற்றில் பல காஸ்டிக் சோடா வகை. தண்ணீரில் கரையும்போது கடும் சூட்டைக் கிளப்பும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன சிக்கல் அப்படியே வரும். பேசின் ட்ராப்பில் உள்ள சின்னப் பிசுக்கை அளவோடு பயன்படுத்தினால் எடுக்கும். மெயின் லைன் அடைப்புக்கு அங்கே போய்ச் சேரவே சேராது.

எனக்கு உண்மையான பயம் வேறு. ஊற்றியும் அடைப்பு போகாவிட்டால், குழாய் நிறைய அரிக்கும் திரவம் நிற்கும். அடுத்து வந்து ட்ராப்பைக் கழற்றுகிறவரின் கையிலும் கண்ணிலும் அது படும். அதனால் முன்பு எதையாவது ஊற்றியிருந்தால் வேலைக்கு வருகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றவே கூடாது. பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சும் அம்மோனியாவும் கலந்தால் அதுவும் விஷ வாயுதான். மூடிய குளியலறையில் இது உயிரையே வாங்கிவிடும்.

பாக்டீரியா, என்சைம் வகைகள் அவ்வளவு ஆபத்தில்லாதவை. ஆனால் மெதுவாக வேலை செய்பவை. ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பிசுக்குச் சேராமல் தடுக்க உதவலாம். நின்றுபோன குழாயைத் திறக்காது.

8. எத்தனை நாளைக்கு ஒருதரம் சுத்தம் பண்ணணும்?

தரை ஜாலியும் பேசின் அடைப்பானும் மாதம் ஒருமுறை. சமையலறை ட்ராப்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவலாம். கீழே வாளி வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலானவை கையாலேயே திருகக்கூடியவை.

சேம்பர் மூடியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது திறந்து, மேலே நின்றபடியே எட்டிப் பாருங்கள். ஒருவரை உள்ளே ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் வந்து தயங்காமல் போகிறதா, பக்கச் சுவரில் உயரமாகக் கழிவு படிந்திருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுவரில் உயரமான கறை இருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் தண்ணீர் அந்த அளவுக்குத் தேங்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். பலர் இந்த மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். அழகுதான், ஆனால் அடைப்பு வருகிற நாளில் முதலில் அந்தத் தரையைத்தான் உடைப்பார்கள்.

9. யாரும் பயன்படுத்தாத பாத்ரூம்ல மட்டும் நாத்தம் வருது. குழாய் ஓட்டையா?

பெரும்பாலும் இல்லை. ட்ராப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் பூட்டு திறந்துவிட்டது. வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதானால் தண்ணீர் ஊற்றியபின் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் மேலே படலமாக நின்று ஆவியாவதைக் குறைக்கும். எண்ணெய் வேண்டாம் என்று நாலாவதில் சொன்னதற்கு இது ஒரே விதிவிலக்கு. தண்ணீர் ஊற்றியும் நாத்தம் போகாவிட்டால் கழிப்பறையின் அடி இணைப்பையும் வென்ட் பைப்பையும் பார்க்க வேண்டும்.

10. நாத்தத்துக்காக இருக்கிற ட்ராப்புக்குக் கீழே இன்னொரு ட்ராப் போட்டோம். இப்போ தண்ணியே சரியா இறங்கல.

ஒரு வாய்க்கு ஒரு ட்ராப்தான். இரண்டு ட்ராப் அடுத்தடுத்து இருந்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். மேலிருந்து வரும் தண்ணீரை அந்தக் காற்றே தடுக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

11. அடைப்பு ஒரு குழாய்லயா, மெயின்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே ஒரு வாய் மட்டும் மெதுவாக இறங்கினால் அந்தக் கிளையில். இரண்டு மூன்று இடம் சேர்ந்து மந்தமானால், அல்லது வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கழிப்பறையில் நீர்மட்டம் ஏறினால், மெயின் லைனில். மெயின் அடைத்தால் வீட்டின் தாழ்வான வாயில்தான், அதாவது பெரும்பாலும் கீழ்த்தள குளியலறை ஜாலியில்தான், முதலில் பொங்கும். அந்த நிலையில் மாடியில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. மேலே விடுகிற ஒவ்வொரு வாளியும் கீழே வந்து நிற்கும்.

கிளை அடைப்புக்கு, கைப்பிடியில் ரப்பர் கிண்ணம் பொருத்திய பிளஞ்சர் போதும். பேசினில் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்குமே, அதை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். அழுத்துவதைவிட இழுப்பதுதான் பல நேரம் அடைப்பை அசைக்கும்.

12. ஃப்ளஷ் பண்ணினா ஜாலியில ‘களக் களக்’னு சத்தம் வருது. தண்ணி போகுது, அப்போ விட்டுடலாமா?

விடாதீர்கள். தண்ணீர் ஓடும்போது காற்றுக்கு வேறு வழி கிடைக்காமல் உங்கள் ட்ராப் வழியாக இழுத்துக்கொள்கிற சத்தம் அது. வென்ட் பைப் மேலே இலையோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம். அல்லது மெயின் லைன் பாதி அடைந்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி ஓடலாம். இப்படி இழுக்கும்போது ட்ராப் நீரும் காலியாகும் என்பதால் ஒன்பதாம் கேள்வியின் நாத்தமும் கூடவே வரும். முழு அடைப்புக்குச் சில வாரம் முன்பே கிடைக்கிற எச்சரிக்கை பல வீடுகளில் இதுதான்.

13. டைல்ஸ் மாத்தினோம், அதுக்கப்புறம்தான் அடைப்பே ஆரம்பம். என்ன காரணம்?

சிமென்ட். கரண்டியையும் பாண்டையும் குளியலறை ஜாலியிலேயே கழுவியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கு நிரப்பும் கலவையும் அதே வழியில் போயிருக்கும். சிமென்ட் இறுக உலர வேண்டியதில்லை, தண்ணீருக்கு அடியிலும் இறுகும். ட்ராப்பின் அடியில் கல்லாகிவிட்டால் எந்த மருந்தும் கரைக்காது, பெரும்பாலும் உடைத்து எடுத்து ட்ராப்பையே மாற்றும்படி ஆகும்.

வேலை தொடங்கும் முன் எல்லா வாயையும் துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடையுங்கள். கருவி கழுவ வெளியே தனித் தொட்டி கொடுங்கள். முடிந்ததும், கடைசிப் பணம் கொடுக்கும் முன், ஒவ்வொரு வாயிலும் இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

14. தண்ணி மிச்சம் பண்ண சிஸ்டர்னுக்குள்ள செங்கல் வெச்சிருக்கோம். தப்பா?

எண்ணம் நல்லது. ஆனால் அந்தக் கழிப்பறைப் பீங்கான் எவ்வளவு தண்ணீருக்கென்று வடிவமைக்கப்பட்டதோ அதைவிடக் குறைந்தால், கழிவு ட்ராப்பைத் தாண்டும், மெயின் லைன் கடைசி வரை போகாது. பாதி வழியில் நின்று காயும். செங்கல் ஊறி உதிர்ந்து வால்விலும் மணல் சேரும். இரண்டு பொத்தான் உள்ள தொட்டியானால் திடக்கழிவுக்குப் பெரிய பொத்தானையே அழுத்துங்கள். சிக்கனம் சின்ன பொத்தானில் இருக்கட்டும்.

15. புது வீடு கட்டுறோம். வாட்டம் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே?

100 மி.மீ. குழாய்க்கு வழக்கமாகச் சொல்லும் வாட்டம் 40-க்கு 1. அதாவது ஒரு மீட்டருக்கு 25 மி.மீ. இறக்கம். தண்ணீர் நொடிக்குச் சுமார் 0.6 முதல் 0.75 மீட்டர் வேகத்தில் ஓடினால் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. மிக அதிகமாக வாட்டம் கொடுத்தால் தண்ணீர் மெல்லிய படலமாக முந்திக்கொண்டு ஓடும், திடக்கழிவை மிதக்கவைக்க ஆழம் போதாது. ஆனால் வேலை நடக்கும் இடங்களில் நான் பார்க்கிற குறை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். சாலைச் சேம்பர் உயரத்தைப் பார்க்காமல் தரைமட்டத்தை முடிவு செய்துவிட்டு, கடைசியில் வாட்டத்துக்கு இடமில்லாமல் தட்டையாகக் குழாயைப் படுக்க வைப்பார்கள்.

வாட்டத்தைவிடவும் நான் வற்புறுத்துவது திறப்பு வழிகளை. திரும்பும் இடத்தில் 90 டிகிரி எல்போ ஒன்றைப் போடாமல் 45 டிகிரி இரண்டைப் போடச் சொல்லுங்கள். திருப்பங்களிலும் குழாய்கள் சேரும் இடங்களிலும் சேம்பரோ, மூடி திறக்கும் டோர் பெண்டோ இருக்க வேண்டும். குழாயைப் பள்ளத்தில் வைத்தபின் கல்லும் கட்டிடக் குப்பையும் போட்டு மூடாமல், மணலைப் பரப்பிக் கெட்டித்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் டேப்பை நீட்டி வைத்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் படம் இருந்தால் தேவையில்லாமல் தரையைக் கொத்த வேண்டியிருக்காது.

16. மரத்தோட வேர் குழாயை உடைச்சு உள்ளே வருமா?

முழுக் குழாயை உடைத்துக்கொண்டு வருவது அபூர்வம். இணைப்பில் ஏற்கெனவே மயிரிழை இடைவெளி இருந்தால், அங்கே கசியும் ஈரத்தைத் தேடி நுனிவேர் நுழையும். உள்ளே தண்ணீரும் சத்தும் கிடைப்பதால் துடைப்பம் போலக் கிளைத்துப் பரவும், பிறகு பருத்து இணைப்பையே பிளக்கும். சிமென்ட் பூசி இணைத்த பழைய மண்குழாய்களில் இது அதிகம். பசை போட்டு ஒட்டிய பிவிசியில் குறைவு. அத்தி, ஆல் இனத்து மரங்களைக் குழாய்ப் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளியே வைக்க வேண்டும்.

இயந்திரத்தால் வேரை வெட்டி எடுக்கலாம், ஆனால் மறுபடி வளரும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஊற்றும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. செப்டிக் டேங்க் பாக்டீரியாவுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது நஞ்சு. நிரந்தரத் தீர்வு இணைப்பைச் சரிசெய்வதுதான்.

17. மழை பெய்யும்போது மட்டும் பாத்ரூம்ல சாக்கடைத் தண்ணி மேலே வருது. எங்க குழாயில அடைப்பே இல்லைன்னுட்டாங்க.

உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். அது இல்லையென்றால் பொதுச் சாக்கடை நிரம்பி, பின்னோக்கி உங்கள் வீட்டுக்குள் வருகிறது. சாலையைவிடத் தாழ்ந்த வீடுகளுக்கு இது அடிக்கடி நேரும்.

இதற்கு ஒருவழி வால்வு உண்டு. வெளியே போகிற தண்ணீருக்குத் திறக்கும், திரும்பி வந்தால் மூடும். இரண்டு விஷயம் கவனியுங்கள். மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. எனவே வீடு முழுமைக்கும் ஒரே வால்வு போட்டால் மாடிக்காரர் குளிக்கிற தண்ணீர் கீழ்த்தளத்தில் பொங்கும். முடிந்தால் தாழ்வான கிளைக்கு மட்டும் போடுங்கள். அடுத்து, வால்வின் தகட்டில் குப்பை சிக்கினால் அது மூடாது. மழைக்காலம் தொடங்கும் முன் திறந்து கழுவும்படியான இடத்தில் இருக்க வேண்டும்.

18. எங்களுக்கு செப்டிக் டேங்க். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

இன்னும் கறாராகப் பொருந்தும். எண்ணெய்ப் படலம் தொட்டியைத் தாண்டி உறிஞ்சுகுழிக்குப் போனால் மண்ணின் துளைகளை அடைத்துவிடும், பிறகு குழியையே மாற்ற வேண்டிவரும். அளவையும் ஆட்களையும் பொறுத்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடாகிவிட்டால் அதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது. பவுடர் போட்டால் எடுக்கவே வேண்டாம் என்பதை நம்பாதீர்கள்.

19. சேம்பர் ஆழம் கம்மிதான். ஒரு ஆளை இறக்கி எடுக்கச் சொல்லட்டுமா?

கூடாது. ஆழம் குறைவானாலும், செப்டிக் டேங்க் காலியாகத் தெரிந்தாலும், கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது இன்னும் மோசம், மீத்தேன் பற்றிக்கொள்ளும். மேலே நின்று இயந்திரத்தால் எடுக்க முடியாத வேலையானால் இயந்திரம் உள்ளவர் வரும்வரை குழாயைப் பயன்படுத்தாமல் இருங்கள்.

20. ஒவ்வொரு தடவையும் ஆள் வெச்சு எடுக்கிறோம். மூணு மாசத்துல மறுபடி அதே இடம். தண்ணிய அழுத்தமாப் பாய்ச்சி எடுக்கிற ஜெட்டிங் கூடப் பண்ணியாச்சு. வேற என்ன பண்றது?

ஒரே இடத்தில் திரும்ப வருகிறது என்றால் பழக்கம் மட்டும் காரணமில்லை, அந்த இடத்தில் குழாயே கெட்டிருக்கிறது. மண் இறங்கிக் குழாய் நடுவில் தொய்ந்திருக்கலாம், இணைப்பு விலகிப் படி விழுந்திருக்கலாம், வேர் இருக்கலாம், பழைய இரும்புக் குழாயானால் உள்ளே துரு மேடு கட்டியிருக்கலாம். அடைப்பை எடுத்த அன்றே, குழாய் சுத்தமாக இருக்கும்போது, கேமரா விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த குழாயில் கேமரா விட்டால் கலங்கல்தான் தெரியும். காணொளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மீட்டரில் கோளாறு என்று அதில் ஓடும் எண்ணே சொல்லும். பழைய வீடு வாங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், முன்பணம் கொடுக்கும் முன்.

விரிசலும் வேரும் மட்டும் என்றால் தோண்டாமலே பழைய குழாய்க்குள் பிசினில் ஊறிய உறையைச் செலுத்தி இறுக வைக்கும் முறை இருக்கிறது. 1971-ல் லண்டனில் முதலில் செய்து பார்த்தார்கள், இன்று பல நாடுகளில் வழக்கம். ஆனால் தொய்வுக்கு அது உதவாது. உறையும் அதே பள்ளத்தில்தான் படுக்கும், தண்ணீர் அங்கேயே தேங்கும். தொய்ந்த துண்டை மட்டும் தோண்டி, அடியில் மண்ணைக் கெட்டித்து, பதினைந்தாம் கேள்வியில் சொன்ன வாட்டத்தில் மறுபடி போட வேண்டும். ஜெட்டிங்கை அடிக்கடி செய்வதும் இலவசமல்ல. ஏற்கெனவே விரிந்த மண்குழாயில் அந்த அழுத்தம் இணைப்பை இன்னும் திறந்துவிடும். அதனால் அடுத்த முறை அவர்களை அழைக்கும்போது, அடைப்பை எடுத்த கையோடு விட்டுப் பார்க்கக் கேமராவும் கொண்டுவர முடியுமா என்று கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.